பாயிண்ட்ஸ்மேனின் கை

ரயில் எஞ்சினுக்கு ஸ்டீயரிங் கிடையாது. டிரைவர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வண்டியை நிறுத்தலாம். இடமா வலமா என்பது அவர் கையில் இல்லை. வண்டி வந்து சேரும் முன்பே தரையில் நிற்கும் ஒருவர் அதை முடிவுசெய்து இரும்பில் பூட்டிவைத்துவிடுகிறார். தூத்துக்குடிக்கு வந்த பஞ்சுப் பொதி, இங்கிருந்து போன உப்பு, கொழும்புக் கப்பலைப் பிடிக்க ஓடிவந்த தபால் மூட்டை எல்லாம் அப்படி யாரோ ஒருவருடைய கையைக் கடந்துதான் போயிருக்கின்றன. இந்தத் துறைமுகத்தின் வரலாற்றில் கப்பல் கம்பெனிகள் வருகின்றன, கலெக்டர்கள் வருகிறார்கள், மில் முதலாளிகள் வருகிறார்கள், வ.உ.சி. வருகிறார். பாயிண்ட் போட்டவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. என் அப்பா தூத்துக்குடி யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்.

அவர் வேலை பார்த்த மீட்டர் கேஜ் யார்டை வீட்டு மாடியில் மாடலாகக் கட்டிவருகிறேன். பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பாயிண்டுக்கு ஏன் மோட்டார் வைக்கவில்லை? பட்டனைத் தட்டினால் மாறுமே?” என்பதுதான். சைக்கிள் கம்பியும் சில ரூபாய் சுவிட்சும் வைத்துக் கையால்தான் மாற்றுகிறேன். காசு மிச்சம் என்பது உண்மை. ஆனால் முழுக் காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் 1876-க்குப் போக வேண்டும்.

கடலோடு முடிந்த தண்டவாளம்

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும் கர்நாடிக் ரயில்வேயும் 1874-இல் ஒன்றாகி சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. அந்தக் கம்பெனி திருச்சியிலிருந்து தெற்கே மீட்டர் கேஜில் பாதை போட்டது. 1875-இல் மதுரை வந்தது. 1876 ஜனவரி 1-ஆம் தேதி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பாதை திறந்தது. மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்குப் போகும் கிளையும் அன்றே திறந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னால், 1875 டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கி, இந்தப் புதுப் பாதையில்தான் மதுரைப் பக்கம் போனார்.

இளவரசரை ஏற்றிப் போன ரயிலைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் நிறைய எழுதின. நான் யோசிப்பது வேறு. தண்டவாளம் கடலோடு முடிந்துபோகிற ஊர் இது. வந்த எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கும். திரும்பிப் போக வேண்டுமென்றால் எஞ்சினைக் கழற்றி, முன்னால் தள்ளி, ஒரு பாயிண்டை மாற்றி, பக்கத்து லைன் வழியாகப் பின்னால் ஓட்டி, அந்தக் கோடியில் இன்னொரு பாயிண்டை மாற்றி, பெட்டிகளின் மறுமுனையில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். நடுவில் எஞ்சினையே திருப்ப டர்ன்டேபிளுக்குப் போய்வர வேண்டும். வழியில் உள்ள ஸ்டேஷனில் மெயில் வண்டி வந்து நின்று கிளம்பிவிடும். கடைசி ஸ்டேஷனில் ஒவ்வொரு வண்டிக்கும் இத்தனை முறை பாயிண்ட் மாற வேண்டும். கூட்ஸ் வண்டி என்றால் பஞ்சு ஆலைக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, துறைமுகக் கரைக்கு ஒன்று என்று வேகன்களைப் பிரிக்கும் வேலை தனி.

அந்த நாளில் தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடல் ஆழம் குறைவு. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் தோணியில் போய்ச் சேர வேண்டும். ரயிலுக்கும் தோணிக்கும், தோணிக்கும் கப்பலுக்கும் நேரம் பொருந்த வேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒரு பகல், ஓர் இரவு ஓடிவந்த போட் மெயில் இங்கே நின்று, கொழும்புப் பயணிகளை இறக்கிவிட்டது. அந்தப் போக்குவரத்தை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மட்டுமே அனுபவிப்பதை எதிர்த்துத்தான் 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் ஓடின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களும் இதே தண்டவாளத்தில்தான் வந்தார்கள். ஊருக்குச் சற்று முன்னால் தட்டப்பாறையில் அவர்களை நிறுத்திவைக்க முகாம் இருந்தது. பின்னால் அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. முதல் வகுப்பில் வந்த துரையும் முகாமுக்குப் போன தொழிலாளியும் ஒரே பாயிண்ட்ஸ்மேனை நம்பித்தான் வந்தார்கள்.

நாலு அங்குலம்

பாயிண்ட் என்பது என்ன? இரண்டு நிலையான தண்டவாளங்களுக்கு நடுவே, நுனி கத்திபோலச் சீவப்பட்ட இரண்டு நகரும் தண்டவாளங்கள். ரயில்வேக்காரர்கள் இவற்றை நாக்கு என்பார்கள். இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி குறுக்கே இணைத்திருக்கும். ஒரு நாக்கு வெளித் தண்டவாளத்தோடு ஒட்டும்போது மற்றது விலகி நிற்கும். மீட்டர் கேஜில் நாக்கு நகரும் தூரம் ஏறத்தாழ நாலு அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர். அந்த நாலு அங்குலம் முழுதாக நகர்ந்து நாக்கு நன்றாக ஒட்டிவிட்டால், நூற்றுக்கணக்கான டன் எடை சத்தமில்லாமல் அடுத்த லைனுக்குப் போய்விடும். ஒரு கருங்கல் ஜல்லி இடையில் சிக்கி நாக்கு ஒட்டாமல் நின்றால், சக்கரத்தின் விளிம்பு அந்தச் சந்தில் நுழைந்துவிடும். முன் சக்கரம் ஒரு லைனிலும் பின் சக்கரம் இன்னொரு லைனிலும் போகும். அதன் பிறகு நடப்பதை யாராலும் நிறுத்த முடியாது.

யார்டில் அப்பா போட்ட பாயிண்டுகள் பெரும்பாலும் கை லீவர் வகை. தண்டவாளத்தின் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு லீவர். அதன் தலையில் கனமான இரும்பு எடை. லீவரைத் தூக்கி மறுபக்கம் சாய்த்தால் நாக்கு நகரும். எடை அழுத்திக்கொண்டிருப்பதால் நாக்கு விலகாமல் நிற்கும். தூக்குவதற்குக் கையில் பலம் வேண்டும், இடுப்பிலும் பலம் வேண்டும். அதைவிட முக்கியம் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை. நாக்கு சறுக்கிப் போகும் இரும்புத் தகடுகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் போட வேண்டும். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, மணல் இருக்கிறது. ஒரு நாள் விட்டால் தகடு சொரசொரப்பாகிவிடும். லீவரைச் சாய்த்த பிறகு குனிந்து நாக்கின் நுனியைப் பார்க்க வேண்டும். பூட்டுப் போட வேண்டும். அதற்கப்புறம்தான், வேகன் பிரிக்கும் வேலையை நடத்தும் ஷண்டிங் ஜமேதாருக்குப் பகலில் கொடி, இரவில் கைவிளக்கு.

சின்னப் பையனாகச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போவேன். லீவர் அந்தப் பக்கம் விழும் ‘டங்’ சத்தத்தைக் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பேன். அப்பா விடமாட்டார். “ஏலே, லீவரப் பாக்காத. நாக்கப் பாரு” என்பார். லீவர் சாய்ந்தது என்பதற்கு அவர் செய்த வேலை மட்டும்தான் சாட்சி. நாக்கு ஒட்டியதா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும்.

சாவியும் கம்பியும்

கை லீவர் மட்டும் இருந்தால், பாயிண்ட் ஒரு பக்கம், சிக்னல் வேறு பக்கம் என்று ஆகிவிடலாம். இரண்டும் முரண்படவே முடியாதபடி இயந்திர ரீதியாகக் கட்டிப்போடும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை வாங்கினார். இந்தியாவின் சின்ன ஸ்டேஷன்களுக்கு செலவு செய்து அதற்கான சிக்னல் கேபின் கட்டக் கம்பெனிகளுக்கு மனம் இல்லை. அதனால் சாவி முறை பரவியது. பாயிண்டைப் போட்டுப் பூட்டினால்தான் அதன் பூட்டிலிருந்து சாவி வெளியே வரும். அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, இன்னொரு பூட்டில் போட்டால்தான் கைகாட்டி சிக்னலை இறக்க முடியும். கைகாட்டி இறங்கி இருக்கும்வரை சாவி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாயிண்டை யாரும் தொட முடியாது. மின்சாரம் வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு பித்தளைச் சாவி, அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க ஓர் ஆள். எளிய இந்த ஏற்பாட்டின் அறிவு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

பெரிய ஸ்டேஷன்களில் கேபின் இருந்தது. மாடிமேல் வரிசையாக லீவர்கள். கீழே இருந்து தண்டவாளத்தின் ஓரமாகப் பாயிண்டுவரை நீண்ட இரும்புக் கம்பி, உருளைகளின் மேல். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்பு வெயிலில் நீளும். 200 மீட்டர் நீளக் கம்பி, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 25 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் நீளும். நாக்கு நகர வேண்டியதே 100 மில்லிமீட்டர்தான். அப்படியே விட்டால் கேபினில் லீவர் சரியாக நிற்கும். அங்கே நாக்கு பாதிவழியில் நிற்கும். அதனால் கம்பியின் நடுவில் ஒரு திருப்பு நெம்புகோலை வைத்து, ஒரு பாதி தள்ளும்போது மறுபாதி இழுக்கும்படி செய்தார்கள். இரண்டு பாதியும் சமமாக நீண்டால் ஒன்றின் நீட்சியை மற்றது விழுங்கிவிடும். தென்பாண்டிச் சீமை வெயிலை ஒரு சின்ன இரும்புத் துண்டால் கழித்துக் கணக்கை நேர்செய்திருக்கிறார்கள்.

முத்துக்குளித்துறை இது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் மைத்துனன்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கை தாலி அறுபட விடமாட்டான் என்ற நம்பிக்கை. பாயிண்ட்ஸ்மேன் பிடித்ததும் அப்படி ஒரு கயிறுதான். ஆனால் வண்டியில் வருகிறவர்களில் யாரும் அவருக்கு உறவு கிடையாது. அந்தக் குறையை நிரப்பத்தான் பூட்டு, சாவி, விதி எல்லாம் வந்தன. உறவு இல்லாத இடத்தில் உறவின் அக்கறையை ஒழுங்குமுறையாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மணியாச்சியில் நின்ற பெட்டி

தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் மணியாச்சி. பாதை பிரிகிற இடம் என்பதைத் தவிர அங்கே ஊரென்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. திருநெல்வேலி வண்டி வந்து நிற்கும். தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வரும்வரை காத்திருக்கும். 1911 ஜூன் 17 காலை அப்படித்தான் நின்றது. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். போட் மெயில் வரச் சில நிமிடங்கள் இருந்தன. அந்தச் சில நிமிடங்களில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். இன்று ஸ்டேஷனுக்குப் பெயரே வாஞ்சி மணியாச்சி.

அரசியல் வரலாறு அந்தத் துப்பாக்கிச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ரயில்வேக்காரன் மகனான எனக்கு அந்தக் காத்திருப்பே தனியாகக் கண்ணில் படுகிறது. ஒரு ஜங்ஷனில் வண்டி காத்திருப்பது ஏன்? ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு, பாயிண்ட் மாறி, பூட்டுப் போட்டு, கைகாட்டி இறங்கிய பிறகுதான் அடுத்தது நடக்கும். அந்தக் காலத்து மனிதர்களின் பயணத்தில் இந்தக் காத்திருப்பு ஒரு பெரும் பங்கு. மாவட்டத்துக்கே அதிபதியானாலும் மணியாச்சியில் நின்றுதான் ஆக வேண்டும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. கொழும்புத் தபாலும் பயணிகளும் அந்த வழி போனார்கள். தூத்துக்குடி அதோடு படுத்துவிடவில்லை. பஞ்சும் உப்பும் நின்றுபோகுமா? யார்டில் வேகன் பிரிக்கும் வேலை நிற்கவேயில்லை. தெற்கே குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனி, பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் தன் ஆலைக்காக இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயிலே ஓட்டியது. உடன்குடி, திசையன்விளை, திருச்செந்தூர் எனத் தேரிமணலுக்கு நடுவே ஓடிய அந்தப் பாதை 1940-இல் மூடப்பட்டது. திருநெல்வேலி–திருச்செந்தூர் மீட்டர் கேஜ் பாதை 1923-இல் வந்தது. 1951-இல் சவுத் இந்தியன் ரயில்வே, தென்னக ரயில்வேயில் சேர்ந்தது. 1974-இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேராகக் கரையணைந்தது. 1990-களில் மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டார்கள். கேபின்கள் போயின, லீவர்கள் பழைய இரும்புக்கடைக்குப் போயின. பாயிண்டை இப்போது ஸ்டேஷன் அறையிலிருந்து மின்மோட்டார் மாற்றுகிறது. அகலப்பாதை வந்ததால் ஊருக்கு வந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த ஒரு வேலையின் அடையாளம் ஒரு பத்தாண்டுக்குள் துடைத்தெடுக்கப்பட்டதுதான் என் வருத்தம்.

மாடியில் ஒரு யார்டு

விளையாட்டு ரயிலை ஓர் ஒழுங்கான பொழுதுபோக்காக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1891-இல் மார்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு ரயில் செட்டை விற்பனைக்கு வைத்தது. நம் நாட்டில் இந்தக் கலைக்குப் பெயர்பெற்ற இடம் புனேயில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம். 1998-இலிருந்து மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் இந்திய மீட்டர் கேஜை அளவு பிசகாமல் செய்ய நினைக்கிறவருக்குக் கடையில் கிடைப்பது மிகக் குறைவு. 87-இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் கேஜ் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலம் வரும். அந்த அகலத்துக்குப் பாயிண்டை நானே செய்துகொள்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் செம்புப் பூச்சுப் போர்டைக் குச்சி குச்சியாக வெட்டினால் அதுதான் ஸ்லீப்பர். அதன்மேல் தண்டவாளத்தைச் சால்டர் வைத்து ஒட்டலாம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே செம்பை ரம்பத்தால் ஒரு கோடு கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும்.

இனி அதை மாற்றும் வேலை. வெளிநாட்டு மோட்டார் ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகிறது. யார்டு என்றால் பாயிண்டுகள் கொஞ்சமா? நான் சைக்கிள் கடைக்குப் போனேன். துருப்பிடிக்காத சக்கரக் கம்பி, நேராக, 2 மில்லிமீட்டர் தடிமனில், ஒரு முனையில் மரையோடு கிடைக்கிறது. அதன் நிப்பிளைத் திருகினால் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கேபினிலிருந்து ஓடிய அந்த நீளக் கம்பியின் வேலையை இது செய்கிறது. பலகையின் அடியில் சின்ன வளைய ஸ்க்ரூக்களைத் திருகி, அவற்றின் ஊடே கம்பியை ஓட விட்டிருக்கிறேன். பலகையின் விளிம்பில் மரத்துண்டில் செய்த லீவர். இழுத்தால் கம்பி இழுபடும், தள்ளினால் தள்ளும். இந்த ஊர்க் காற்றில் சாதாரண இரும்புக் கம்பி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் துருப்பிடிக்காத கம்பியையே வாங்க வேண்டும்.

கம்பியின் மறுமுனை நேராக நாக்குக்குப் போவதில்லை. நாக்கின் நேர் கீழே, பலகையின் அடியில், ஆறு கால் ஸ்லைடு சுவிட்ச் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரு டீயின் விலைகூட ஆகாது. அதன் குமிழில் மெல்லிய துளை போட்டு எஃகுக் கம்பி ஒன்றைச் செருகி, அதை மேலே நாக்கோடு இணைத்திருக்கிறேன். சுவிட்ச் நகரும் தூரம் நாக்குக்குத் தேவையானதைவிட அதிகம். அதனால் எஃகுக் கம்பியின் நடுவில் குதிரை லாடம்போல ஒரு வளைவு. மிச்சத் தூரத்தை அந்த வளைவு வாங்கிக்கொண்டு, ஸ்பிரிங்காக நாக்கை வெளித் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. யார்டு லீவரின் இரும்பு எடை செய்த வேலை அது. சுவிட்சின் ஒரு பாதி, தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங்குக்குச் சரியான முனை மின்சாரத்தைக் கொடுக்கிறது; அதனால் எஞ்சின் அங்கே இருமாமல் கடக்கிறது. மறு பாதி, பலகை விளிம்பில் பச்சை அல்லது மஞ்சள் பொட்டு விளக்கை எரிக்கிறது. எந்த லைன் போட்டிருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சுவிட்சை லீவர் பக்கத்திலேயே வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆனால் நடுவில் கம்பி கழன்றாலும் விளக்கு ஒழுங்காக எரியும். அது லீவர் சொல்லும் செய்தி. நாக்கின் காலடியில் வைத்தால், கம்பி கழன்ற நாளில் லீவர் சாய்ந்தும் விளக்கு மாறாது. அப்பா குனிந்து பார்த்ததை இங்கே அந்தச் சுவிட்ச் பார்க்கிறது.

கடைசியாகப் பூட்டு. லீவர் ஓடும் தகட்டில் இரண்டு நிலைக்கும் ஒவ்வொரு துளை. லீவரை முழுதாகச் சாய்த்தால்தான் ஓர் ஆணி அந்தத் துளையில் இறங்கும். பாதியில் நின்றால் இறங்காது. துளையின் இரு பக்கமும் செம்புத் தகடு. ஆணி உட்கார்ந்ததும் இரண்டையும் தொடும். அதன் பிறகுதான் அந்த லைனுக்குக் கரண்ட். பூட்டாத பாதையில் எஞ்சின் அசையாது. ஒரு சாண் அளவில் சாக்ஸ்பி செய்ததும் நம் ஊர்ச் சாவி முறை செய்ததும் இதில் இருக்கின்றன. மொத்தச் செலவு ஒரு சின்ன நோட்டுக்குள் அடங்குகிறது.

நாக்கு சொல்வதே உண்மை

2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பஹாநாகா பஜார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் பெற்று முழு வேகத்தில் வந்தது. பாயிண்ட் பக்கத்து லூப் லைனுக்குப் போட்டுக் கிடந்தது. அங்கே நின்ற கூட்ஸ் வண்டிமேல் மோதியது. 290-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் வயரிங்கில் நடந்த தவறால் பாயிண்டின் உண்மை நிலை சிக்னலுக்குப் போய்ச் சேரவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி நம் கவரப்பேட்டையிலும் மைசூர்–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்குச் சிக்னல் பெற்றும் லூப் லைனுக்குள் போய்க் கூட்ஸ் வண்டியில் மோதியது. உயிர் போகவில்லை என்பது பெரும் ஆறுதல்.

இந்த விபத்துகளை வைத்து, கை லீவர் காலத்துக்கே திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மோட்டாரும் கணினியும் மனிதக் கையைவிட வேகமானவை, களைப்பறியாதவை. இன்றைய போக்குவரத்தைக் கை லீவரால் தாங்க முடியாது. ஆனால் எந்த இயந்திரம் வந்தாலும் ஒரு கேள்வி மாறாமல் நிற்கிறது: நாக்கு உண்மையில் எங்கே இருக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? பழைய பாயிண்ட்ஸ்மேன் அந்தக் கேள்விக்குத் தன் உடம்பால் பதில் சொன்னார். நடந்து போனார், குனிந்தார், பார்த்தார், பூட்டினார், சாவியைக் கொண்டுவந்தார். இன்று அதே பதிலை வயர் சொல்ல வேண்டும். அந்த வயரை இணைக்கும் தொழில்நுட்பப் பணியாளர், கையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் பாயிண்ட்ஸ்மேன்தான். அவர் வேலைக்கும் அதே கவனம் வேண்டும். அதைச் செய்ய அவருக்குப் போதிய நேரமும் போதிய ஆளும் வேண்டும்.

மாடிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் எஞ்சினைக் கொடுப்பதில்லை. லீவரைக் கொடுக்கிறேன். ஒருவர் பாயிண்ட்ஸ்மேன், ஒருவர் டிரைவர். பாயிண்ட் போட்டவர் ஆணியைச் செருகி, விளக்கைப் பார்த்து, “பூட்டியாச்சு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் டிரைவர் கண்ட்ரோலரைத் திருப்பலாம். “தாத்தா, சும்மா ஓட்டிப் பாக்கேன்” என்று கெஞ்சுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் கண்டிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மோட்டார் பட்டன் வைத்திருந்தால் இது நடக்காது. பட்டனைத் தட்டுகிறவருக்கு நாக்கின் கனம் தெரியாது. கம்பியை இழுக்கிறவருக்கு விரலில் தெரியும். ஒட்டாத நாக்கு கையில் வேறு மாதிரி இருக்கும்.

1876-ஐத் தொடக்கமாகக் கொண்டால் 2026-உடன் இந்தப் பாதைக்கு 150 ஆண்டு. மணியாச்சி, தட்டப்பாறை, மீளவிட்டான், மேலூர், தூத்துக்குடி என்ற ஸ்டேஷன்களில் மீட்டர் கேஜ் காலத்தில் லீவர் பிடித்தவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த பாயிண்டுக்கு எந்தச் சாவி, மழைக்காலத்தில் எந்த நாக்கு ஒட்டாது, இரவில் எந்த இடத்தில் நின்றால் டிரைவர் கண்ணில் விளக்கு படும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இவை எந்தப் பழைய வரைபடத்திலும் இல்லை. அவர்கள் பேசுவதைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பதிவுசெய்ய வேண்டும். தூத்துக்குடி ஸ்டேஷன் வாசலில் எஞ்சின் பொம்மையை நிறுத்துவதைவிட, வேலை செய்யும் ஒரு கை லீவரும் ஒரு சாவிப் பூட்டும் வைத்து, வருகிறவர்கள் இழுத்துப் பார்க்கவிடுவது நல்லது. அதற்குப் பெரிய பணம் தேவையில்லை; சைக்கிள் கம்பியில் அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். துறைமுகத்தின் வரலாற்றைப் பெரிய மனிதர்களைக் கொண்டு எழுதிமுடித்தாகிவிட்டது. அடுத்து எழுத வேண்டியது பாதையைப் போட்டுக் கொடுத்தவர்களின் வரலாறு. அதை எழுதத் தேவையான சாட்சிகள் இன்று இருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.